தரவு மைய சுவிட்சுகளை இணைக்கும் வழிகள்: ஸ்டாக்கிங், எம்-லாக், மெஷ் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகக் கட்டடங்களில் சுவிட்ச் பொருத்திப் பழகிய பொறியாளர்கள் தரவு மையப் பணிக்கு வரும்போது, "இவற்றை ஸ்டாக் செய்துவிட்டால் வேலை முடிந்ததல்லவா?" என்றுதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்வியிலிருந்து கிளைக்கும் மற்றக் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே உள்ளன. இரண்டு ரேக்குகள் முதல் முப்பது ரேக்குகள் வரை உள்ள மையங்களை மனத்தில் வைத்தே இவை எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: ஸ்டாக்கிங், எம்-லாக், மெஷ் ஆகிய மூன்றுக்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

ஸ்டாக் செய்யப்பட்ட பல பெட்டிகள் ஒரே சுவிட்சாகிவிடுகின்றன. அவற்றுக்கு நிர்வாக முகவரி ஒன்று, கான்ஃபிகரேஷன் ஒன்று, முடிவெடுக்கும் கண்ட்ரோல் பிளேனும் ஒன்று. எம்-லாக் முறையில் இரண்டு சுவிட்சுகளும் தத்தம் கண்ட்ரோல் பிளேனோடு தனித்தனியாகவே இயங்குகின்றன. ஆனால் இரண்டிலும் கேபிள் செருகியிருக்கும் சர்வருக்கு மட்டும் அவை ஒரே சுவிட்சாகத் தோற்றமளிக்கின்றன. ஒரே உலையில் சமைத்துச் சாப்பிடும் கூட்டுக் குடும்பத்துக்கும், தனித்தனி உலை வைத்துக்கொண்டு கிணற்றை மட்டும் பகிர்ந்துகொள்ளும் அண்ணன் தம்பிகளுக்கும் உள்ள வேறுபாடு இது.

மெஷ் என்ற சொல்லைச் சந்தையில் மிகத் தளர்வாகப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு சுவிட்சையும் மற்ற எல்லா சுவிட்சுகளோடும் நேரடியாக இணைப்பது முழு மெஷ். சர்வர்கள் செருகும் லீஃப் சுவிட்சுகளை, அவற்றுக்கு மேலடுக்கிலுள்ள ஸ்பைன் சுவிட்சுகளோடு மட்டும் இணைக்கும் லீஃப்-ஸ்பைன் அமைப்பையும் சிலர் மெஷ் என்றே அழைக்கிறார்கள். இரண்டின் நடத்தையும் வேறு என்பதால், விற்பனையாளர் "மெஷ்" என்று சொன்னால் எதைக் குறிக்கிறார் என்பதை வரைபடம் போடச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: ஸ்டாக்குக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

சிஸ்கோ நிறுவனம் 2003-இல் கேட்டலிஸ்ட் 3750 சுவிட்சோடு அறிமுகப்படுத்திய ஸ்டாக்வைஸ்தான் பலருக்கும் முதலில் அறிமுகமான முறை. அதில் 9 பெட்டிகள் வரை, பின்புறத்தில் இதற்கென்றே உள்ள கேபிள்களால் வளையமாக இணைக்கப்பட்டன. வளையத்தின் மொத்தத் திறன் 32 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 32 கிகாபிட்). அந்த முதல் தலைமுறையில் ஒரு பாக்கெட் அதே பெட்டியின் இன்னொரு போர்ட்டுக்குச் செல்வதாக இருந்தாலும் வளையத்தை முழுதாகச் சுற்றி வர வேண்டியிருந்தது. பின்னர் வந்த ஸ்டாக்வைஸ் பிளஸ் அந்த வீண் சுற்றலை நீக்கியது. கேட்டலிஸ்ட் 3850-இல் வளையம் 480 ஜிபிபிஎஸ் வரை உயர்ந்தது. ஜூனிப்பர் நிறுவனம் 2008-இல் இஎக்ஸ்4200 சுவிட்சோடு கொண்டுவந்த வெர்ச்சுவல் சாசியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதில் 10 பெட்டிகள் வரை சேரலாம். எச்பி நிறுவனத்துக்கு எச்3சி வழியாக வந்த ஐஆர்எஃப் இன்னொன்று.

பெயர்கள் வேறானாலும் இயக்கம் ஒன்றே. பெட்டிகள் தமக்குள் ஒரு தலைமைப் பெட்டியையும் ஒரு மாற்றுத் தலைமையையும் தேர்ந்தெடுக்கின்றன. மற்றவை, பெரிய சாசி சுவிட்சில் செருகப்பட்ட லைன் கார்டுகளைப் போலத் தலைமையின் கட்டளைப்படி பாக்கெட்டுகளை நகர்த்துகின்றன.

480 ஜிபிபிஎஸ் என்பது பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் இன்று ரேக்கின் உச்சியில் வைக்கப்படும் சாதாரண லீஃப் சுவிட்ச் ஒன்றில் 25 ஜிபிபிஎஸ் போர்ட்டுகள் 48 இருக்கும்; அவற்றின் கூட்டுத்தொகை மட்டுமே 1,200 ஜிபிபிஎஸ். அத்தகைய பெட்டிகள் பலவற்றை ஒரு வளையத்தில் கோத்தால், வளையமே நெரிசல் மிகுந்த இடமாகிவிடும். சர்வருக்கும் சர்வருக்கும் இடையிலான போக்குவரத்து அதிகமாக இருக்கும் தரவு மையத்தில் இது விரைவில் வெளிப்படும். மேல்நோக்கி மட்டுமே போக்குவரத்து ஓடும் அலுவலகத் தளத்தில் வெளிப்படவே வெளிப்படாது.

கேள்வி: ஸ்டாக்கில் ஒரு பெட்டி பழுதானாலும் மற்றவை இயங்குகின்றன. பிறகு ஏன் தரவு மையத்துக்கு வேண்டாம் என்கிறார்கள்?

பெட்டி பழுதாவதை ஸ்டாக் நன்றாகவே தாங்கும். பவர் சப்ளை எரிந்துபோவது, ஒரு போர்ட் செத்துப்போவது, யாரோ கேபிளைப் பிடுங்கிவிடுவது ஆகிய எல்லாவற்றையும் அது சமாளிக்கும். ஆனால் தரவு மையத்தில் ஒட்டுமொத்தமாகச் சேவை நின்றுபோன நிகழ்வுகளை எண்ணிப் பார்த்தால், வன்பொருள் பழுதைவிட மென்பொருள் பிழை, தவறான கான்ஃபிகரேஷன், மேம்படுத்தும் பணி ஆகிய மூன்றும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. இந்த மூன்றும் ஸ்டாக்கில் எல்லாப் பெட்டிகளையும் ஒன்றாகவே தாக்கும். தலைமைப் பெட்டியில் நினைவகக் கசிவு ஏற்பட்டால் அது ஒரு பெட்டியின் நோயாக நிற்பதில்லை. ஒரு விலானை, அதாவது சுவிட்சுகளில் பிரித்துவைத்த ஒரு தனி வலையை, தவறாக அழித்தால், அது ஒரே கான்ஃபிகரேஷன் என்பதால் இரு பக்கமும் ஒரே நொடியில் அழிந்துவிடும்.

ஃபர்ம்வேர் மேம்படுத்தும் நாளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வழக்கமான முறையில் மேம்படுத்தினால் ஸ்டாக் முழுவதும் ஒன்றாக ரீபூட் ஆகும். சர்வர்கள் இரண்டு பெட்டிகளிலும் கேபிள் வைத்திருந்தாலும் அந்தச் சில நிமிடங்களில் இரண்டு கேபிள்களும் இறந்திருக்கும். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு பெட்டியாக மேம்படுத்தும் வசதிகளை நிறுவனங்கள் கொடுத்திருக்கின்றன. அவை எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்குச் செல்லும்போது வேலை செய்யும் என்பதற்கு நிபந்தனைகள் உண்டு. தேவைப்படும் நாளில் அந்த நிபந்தனைகள் பொருந்தாமல் போவது அரிதன்று. சேமிப்பகத்தை ஐஸ்கசி (வலை வழியே டிஸ்க்கைத் தரும் நெறிமுறை) வழியாகப் பெறும் மெய்நிகர் இயந்திரங்கள் நூற்றுக்கணக்கில் ஓடும் இடத்தில், சில நிமிட முழு இருட்டு என்பது சில நிமிடங்களோடு முடியாது. டிஸ்க்கை இழந்த இயங்குதளங்களை ஒவ்வொன்றாக எழுப்பியாக வேண்டும்.

ஆகவே ஸ்டாக் என்பது நிர்வாக வசதி. அதைக் காப்பு ஏற்பாடு என்று கணக்கில் எழுதுவதுதான் தவறு. எந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தாலும், "எத்தனை பெட்டிகள் ஒன்றாகச் சாகும்?" என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து, "எத்தனை பெட்டிகளில் லாகின் செய்ய வேண்டும்?" என்பது அதற்கு அடுத்த கேள்வி.

கேள்வி: ஸ்டாக் கேபிள் அறுந்து இரண்டு துண்டாகிவிட்டால் என்ன ஆகும்?

வளையத்தில் ஒரு கேபிள் அறுந்தால் அது சங்கிலியாகி, திறன் குறைந்தாலும் தொடர்ந்து ஓடும். இரண்டு இடத்தில் அறுந்தால்தான் சிக்கல். இரண்டு துண்டுகளும் தாமே தலைமை என்று நினைத்துக்கொண்டு, ஒரே ஐபி முகவரியையும் ஒரே மேக் முகவரியையும் (வன்பொருள் அடையாளத்தையும்) உரிமை கொண்டாடும். இதைக் கண்டுபிடிக்க ஐஆர்எஃப்-இல் எம்ஏடி என்ற ஏற்பாடும், சிஸ்கோவின் ஸ்டாக்வைஸ் வெர்ச்சுவலில் இரட்டைத் தலைமையைக் கண்டறியும் தனி இணைப்பும் உள்ளன. இவற்றை அமைக்காமல் ஸ்டாக்கை இயக்கத்துக்கு விடக் கூடாது.

ஜூனிப்பர் வெர்ச்சுவல் சாசியில் இரண்டே பெட்டிகள் இருக்கும்போது ஒரு நுட்பம் உண்டு. பிளவைக் கண்டறியும் வசதி இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். மாற்றுத் தலைமைப் பெட்டி மின்சாரம் இழந்து அணைந்தால், எஞ்சிய தலைமைப் பெட்டி "பாதிக்கு மேல் என்னிடம் இல்லை" என்று முடிவுசெய்து தானும் பணியிலிருந்து விலகிவிடக்கூடும். அதனால்தான் இரண்டு பெட்டி அமைப்பில் அந்த வசதியை நிறுத்திவைக்குமாறு அந்த நிறுவனமே பரிந்துரைக்கிறது. இந்த ஒரு வரி விடுபட்டதால் காப்புக்காக வாங்கிய இரண்டாவது பெட்டியே முதல் பெட்டியையும் வீழ்த்துவது நடக்கக்கூடியதே.

கேள்வி: எம்-லாக் இந்தச் சிக்கல்களைத் தீர்க்கிறதா?

பெரும்பகுதியைத் தீர்க்கிறது, சிலவற்றைப் புதிதாகக் கொண்டுவருகிறது. சிஸ்கோ நெக்சஸ் சுவிட்சுகளில் இதற்கு விபிசி என்று பெயர். டெல் விஎல்டி என்கிறது. எச்பிஇ அரூபா விஎஸ்எக்ஸ் என்கிறது. அரிஸ்டாவும் ஹுவாவேயும் எம்-லாக் என்ற பெயரையே பயன்படுத்துகின்றன. நெக்சஸ் வரிசையில் ஸ்டாக்வைஸ் வசதியே கிடையாது என்பது, தரவு மையத்துக்கென்று வடிவமைத்தவர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதற்குப் போதிய சான்று.

பல கேபிள்களை ஒரே கட்டாக்கும் எல்ஏசிபி நெறிமுறையின் பேச்சில் இரண்டு சுவிட்சுகளும் ஒரே சிஸ்டம் அடையாளத்தைச் சொல்வதால், சர்வர் தன் இரண்டு கேபிள்களையும் ஒரே கட்டாக இணைத்துக்கொள்கிறது. கற்றுக்கொண்ட மேக் முகவரிகளையும் ஏஆர்பி பதிவுகளையும் (எந்த ஐபி முகவரிக்கு எந்த மேக் முகவரி என்ற குறிப்புகளையும்) சுவிட்சுகள் தங்களை நேரடியாக இணைக்கும் பியர்-லிங்க் வழியாகப் பரிமாறிக்கொள்கின்றன. ஒன்றை மேம்படுத்தும்போது மற்றது முழுப் பணியையும் தாங்குகிறது. ஒன்றின் மென்பொருள் நிலைகுலைந்தாலும் மற்றது தன் வழியில் போகும்.

கவனிக்க வேண்டியது பியர்-லிங்க் அறுபடும் நேரம். விபிசி-இல் பியர்-லிங்க் விழுந்து, மற்ற சுவிட்ச் இயங்குகிறதா என்று பார்க்கும் கீப்அலைவ் இணைப்பு மட்டும் உயிரோடு இருந்தால், இரண்டாம் நிலை சுவிட்ச் தன் விபிசி போர்ட்டுகளைத் தானே மூடிவிடும். இரண்டு கேபிள் வைத்திருக்கும் சர்வர்கள் முதல் சுவிட்ச் வழியாகத் தொடர்ந்து ஓடும். ஆனால் ஒரே கேபிளோடு இரண்டாம் நிலை சுவிட்சில் மட்டும் தொங்கும் சர்வர், இணைப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்க, போக வழியில்லாமல் தவிக்கும். இத்தகைய போர்ட்டுகளை அனாதைப் போர்ட் என்றே வழங்குகிறார்கள். ஆகவே ஒற்றைக் கேபிள் சாதனங்களை, பழைய டேப் லைப்ரரி ஒன்றாக இருந்தாலும், எந்த சுவிட்சில் செருகுகிறோம் என்று குறித்துவைக்க வேண்டும்.

கீப்அலைவ் பியர்-லிங்க்கின் மேலேயே ஓடக் கூடாது. நிர்வாகப் போர்ட் வழியாகவோ தனிக் கேபிள் வழியாகவோ செல்ல வேண்டும். பியர்-லிங்க்கை ஒரே கேபிளாக விடாமல் குறைந்தது இரண்டாக அமைக்க வேண்டும். இன்னொன்று, இங்கே கான்ஃபிகரேஷன் இரண்டு இடத்தில் இருப்பதால் அவை மெல்ல மெல்ல வேறுபட்டுப்போகும். ஒரு பக்கம் மட்டும் சேர்த்த விலான், ஒரு பக்கம் மட்டும் மாற்றிய எம்டியு (பாக்கெட்டின் உச்ச அளவு) ஆகியவை மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் இருந்து, மற்றப் பக்கம் ரீபூட் ஆகும் இரவில்தான் தலைகாட்டும்.

எம்-லாக் அமைத்துவிட்டதால், சுழல் உண்டாகாமல் கூடுதல் இணைப்புகளை மூடிவைக்கும் ஸ்பானிங் ட்ரீயை நிறுத்திவிடலாம் என்று எண்ண வேண்டாம். யாரோ தவறாகச் செருகும் கேபிளிலிருந்து காப்பாற்ற அது இருந்துகொண்டேயிருக்க வேண்டும்.

கேள்வி: சர்வரை இரண்டு சுவிட்சுகளில் இணைக்க ஸ்டாக்கோ எம்-லாக்கோ கட்டாயமா?

கட்டாயமில்லை. பலர் இதை அறியாமலே கூடுதல் சிக்கலை விலைகொடுத்து வாங்குகிறார்கள். மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ-இன் இயல்பான ஏற்பாட்டில் ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரமும் ஏதாவதொரு நிக் கார்டில் (வலை இணைப்பு அட்டையில்) ஒட்டிக்கொள்ளும். ஒன்று விழுந்தால் மற்றொன்றுக்கு நகரும். இதற்குச் சுவிட்ச் பக்கம் எந்தச் சிறப்பு ஏற்பாடும் தேவையில்லை. லினக்ஸில், ஒரு கேபிள் ஓட மற்றது காத்திருக்கும் ஆக்டிவ்-பேக்கப் முறையும் அப்படியே. ஐஸ்கசி சேமிப்பகத்துக்கோ, இரண்டு தனித்தனி சப்நெட்டுகளை இரண்டு தனித்தனி சுவிட்சுகளில் வைத்து, பல பாதைகளைக் கையாளும் மல்டிபாத் மென்பொருளிடம் பொறுப்பை விட்டுவிடுவதே சிறந்த முறை; அங்கே இரண்டு சுவிட்சுகளும் ஒன்றையொன்று அறியவே வேண்டியதில்லை. ஒரு சர்வரின் ஒற்றைக் கட்டுக்கு இரண்டு கேபிள்களின் திறனும் ஒரே நேரத்தில் தேவைப்படும் இடத்தில்தான் எல்ஏசிபியும், அதன் பின்னால் எம்-லாக்கும் அவசியமாகின்றன.

கேள்வி: எல்லா சுவிட்சுகளையும் ஒன்றோடொன்று நேரடியாக இணைத்து முழு மெஷ் அமைத்தால் என்ன?

வரைபடத்தில் அழகாக இருக்கும். கேபிள் எண்ணிக்கையைப் பாருங்கள்: 4 சுவிட்சுகளுக்கு 6 இணைப்புகள், 8-க்கு 28, 16-க்கு 120. சுவிட்ச் ஒன்று சேர்ந்தால், ஏற்கெனவே உள்ள ஒவ்வொரு சுவிட்சிலும் ஒரு போர்ட் காலியாக இருந்தாக வேண்டும்.

கேபிளைவிடப் பெரிய தடை, பாதை தேர்வு. எட்டு சுவிட்ச் மெஷ்ஷை லேயர் 2-இல் (மேக் முகவரி அளவில்) விட்டால், ஸ்பானிங் ட்ரீ 28 இணைப்புகளில் 7-ஐ மட்டும் திறந்து வைத்து 21-ஐ மூடிவிடும். லேயர் 3-க்கு (ஐபி முகவரி அளவுக்கு) மாற்றி ரூட்டிங் செய்தால் எல்லா இணைப்புகளும் திறந்திருக்கும். ஆனால் ரூட்டிங் நெறிமுறை எப்போதும் மிகக் குறுகிய பாதையையே எடுக்கும். இரண்டு ரேக்குகளுக்கு இடையே நேரடி இணைப்பு ஒன்று இருப்பதால், அது நிரம்பி வழிந்தாலும், மூன்றாவது சுவிட்சைச் சுற்றிச் செல்லும் வெற்றுப் பாதைகள் தொடப்படுவதில்லை. எட்டு சுவிட்சுகளில் ஒவ்வொன்றும் 100 ஜிபிபிஎஸ் போர்ட்டுகள் ஏழை மெஷ்ஷுக்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், எந்த இரண்டு ரேக்குகளுக்கு இடையிலும் கிடைப்பது 100 ஜிபிபிஎஸ் மட்டுமே. அதே ஏழு போர்ட்டுகளை ஏழு ஸ்பைன்களுக்குக் கொடுத்திருந்தால், தேவைப்படும் நேரத்தில் அந்த இரண்டு ரேக்குகளும் 700 ஜிபிபிஎஸ் வரை பேசிக்கொள்ள முடியும்.

இந்தத் தடையைத் தாண்டியவர்கள் உண்டு. கூகுள் தன் ஜுப்பிட்டர் வலையமைப்பில் ஸ்பைன் அடுக்கையே எடுத்துவிட்டு, ஒளியியல் சர்க்யூட் சுவிட்சுகள் வழியாகத் திரட்டுத் தொகுதிகளை (பல ரேக்குகள் சேரும் சுவிட்ச் குழுக்களை) நேரடியாக மெஷ்ஷாக இணைத்ததை 2022-இல் சிக்காம் என்ற கணினி வலையமைப்பு மாநாட்டில் விளக்கியது. அது இயங்குவதற்குக் காரணம், போக்குவரத்தை அளந்து, நேரடிப் பாதைக்கும் சுற்றுப் பாதைக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் மையக் கட்டுப்பாட்டு மென்பொருள். மீக்கணினி உலகில், சுவிட்ச் குழுக்களை ஒன்றோடொன்று நேரடியாக இணைக்கும் டிராகன்ஃபிளை என்ற அமைப்பு உண்டு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்திலுள்ள ஃபிரான்டியர் கணினியின் ஸ்லிங்ஷாட் வலை அவ்வகையானது, அங்கும் நெரிசலுக்கேற்பப் பாதை மாற்றும் அறிவு சுவிட்சுக்குள்ளேயே இருக்கிறது. அந்த வசதி இல்லாத சாதாரண ஈத்தர்நெட் சுவிட்சுகளில் முழு மெஷ் நியாயப்படுவது மூன்று அல்லது நான்கு பெட்டிகள் வரைதான்.

கேள்வி: லேயர் 2-இலேயே மெஷ் செய்யும் சுவிட்சுகள் முன்பு இருந்தனவே, அவை என்னவாயின?

இருந்தன. எச்பி புரோகர்வ் சுவிட்சுகளில் மெஷ் என்ற பெயரிலேயே ஒரு வசதி இருந்தது. அதை இயக்கினால் அதே சுவிட்சில் ஐபி ரூட்டிங்கை இயக்க முடியாது என்பது அதன் பெரிய குறை. ஸ்பானிங் ட்ரீயை உருவாக்கிய ராடியா பெர்ல்மேனே அதற்கு மாற்றாக முன்மொழிந்த ட்ரில், 2011-இல் ஆர்எஃப்சி 6325 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்தது. ஐஇஇஇ அமைப்பு 2012-இல் 802.1ஏக்யூ என்ற போட்டித் தரத்தை வெளியிட்டது. சிஸ்கோவின் ஃபேப்ரிக்பாத், புரோகேட் நிறுவனத்தின் விசிஎஸ் ஆகியவையும் அதே காலத்தவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறுவனத்தின் பெட்டிகளுக்குள்ளேயே பெரும்பாலும் அடைபட்டுக்கிடந்தன. அடித்தளத்தில் சாதாரண ஐபி ரூட்டிங், அதன்மேல் லேயர் 2 வலைகளைச் சுமக்கும் விஎக்ஸ்லான் (கீழே விளக்கப்படுகிறது) என்ற இணை வந்த பிறகு புதிய தரவு மையங்களில் இவற்றுக்கு இடமில்லாமல் போயிற்று. பழைய மையம் ஒன்றில் இவற்றைக் கண்டால் உடனே பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் அதே வகைப் பெட்டியைப் புதிதாக வாங்கிச் சேர்க்கவும் வேண்டாம்.

கேள்வி: லீஃப்-ஸ்பைன் அமைப்பை எப்படிக் கணக்கிடுவது?

இதன் வேர் தொலைபேசிக் காலத்தைச் சேர்ந்தது. பெல் ஆய்வகத்தின் சார்லஸ் க்ளோஸ் 1953-இல் வெளியிட்ட கட்டுரையில், சிறிய சுவிட்சுகளை அடுக்கடுக்காக இணைத்துப் பெரிய சுவிட்சின் திறனைப் பெறலாம் என்று காட்டினார். தரவு மையத்தில் ஒவ்வொரு லீஃபும் ஒவ்வொரு ஸ்பைனோடும் இணைகிறது. எந்த ரேக்கிலிருந்து எந்த ரேக்குக்குச் சென்றாலும் நடுவே ஒரே ஒரு ஸ்பைன்தான். எல்லாப் பாதைகளும் சம நீளம் என்பதால், சமமான பாதைகளில் போக்குவரத்தைப் பிரித்தனுப்பும் ஈசிஎம்பி எல்லாவற்றையும் பயன்படுத்துகிறது.

48 போர்ட் 25 ஜிபிபிஎஸ் லீஃப் ஒன்றுக்குக் கீழ்நோக்கி 1,200 ஜிபிபிஎஸ். மேல்நோக்கி 100 ஜிபிபிஎஸ் இணைப்புகள் நான்கு கொடுத்தால் விகிதம் 3:1. பொதுவான மெய்நிகராக்கப் பணிகளுக்கு இது போதும். இந்த நான்கையும் இரண்டு ஸ்பைன்களுக்கு இரண்டிரண்டாகப் பிரித்தால், ஒரு ஸ்பைன் நின்ற நேரத்தில் பாதித் திறன் போய் விகிதம் 6:1 ஆகிறது. நான்கு ஸ்பைன்களுக்கு ஒன்றொன்றாகப் பிரித்தால், ஒன்று நின்றாலும் 4:1 தான். கேபிள் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே. நிதி இடம்கொடுத்தால் பெரிய ஸ்பைன் இரண்டைவிடச் சிறிய ஸ்பைன் நான்கே மேல் என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம். ஃபேஸ்புக் 2014-இல் வெளியிட்ட தன் வலையமைப்பு வடிவத்திலும் ஒவ்வொரு ரேக் சுவிட்சும் நான்கு மேல் சுவிட்சுகளுக்கு 40 ஜிபிபிஎஸ் இணைப்பு ஒவ்வொன்றைக் கொடுத்தது.

எத்தனை ரேக் வரை வளரலாம் என்பதை ஸ்பைனின் போர்ட் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. 32 போர்ட் ஸ்பைன் என்றால், லீஃப் ஒன்றுக்கு ஒரு போர்ட் வீதம் 32 லீஃப். வெளி உலகுக்குச் செல்லும் லீஃபும் இந்தக் கணக்கில் சேரும். ஈசிஎம்பி ஒரு உரையாடலை ஒரே பாதையில்தான் அனுப்பும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே டிசிபி இணைப்பில் பெரும் காப்புப் பிரதி எடுப்பவருக்கு நான்கு ஸ்பைன் இருந்தாலும் ஒரு இணைப்பின் வேகமே கிடைக்கும்.

கேள்வி: ஸ்பைன் சுவிட்சுகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டுமா?

வேண்டாம். இயல்பான நேரத்தில் அந்த இணைப்பில் எதுவும் ஓடாது. பழுதான நேரத்தில் ஓடத் தொடங்கினால், கணக்கில் வராத ஒரு குறுகிய கேபிள் முழு ரேக்கின் போக்குவரத்தையும் சுமக்க நேரிடும்.

கேள்வி: லீஃப்-ஸ்பைனுக்குள் ரூட்டிங் செய்ய பிஜிபி-ஐப் பரிந்துரைக்கிறார்களே, எதற்கு? ஓஎஸ்பிஎஃப் போதாதா?

இரண்டும் சுவிட்சுகள் தங்களுக்குள் பாதைகளைச் சொல்லிக்கொள்ளும் ரூட்டிங் நெறிமுறைகள். முப்பது ரேக்குகளுக்கு ஓஎஸ்பிஎஃப் தாராளமாகப் போதும். பெரிய தரவு மையங்களில் பிஜிபி-ஐப் பயன்படுத்தும் முறையை 2016-இல் வெளியான ஆர்எஃப்சி 7938 விரிவாகச் சொல்கிறது: ஒவ்வொரு லீஃபுக்கும் தனி ஏஎஸ் எண் (பிஜிபி-யில் ஒரு வலையைக் குறிக்கும் எண்), ஸ்பைன்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஏஎஸ் எண். இப்படி வைத்தால், ஒரு ஸ்பைனிலிருந்து லீஃபுக்கு இறங்கி மீண்டும் இன்னொரு ஸ்பைனுக்கு ஏறும் தவறான பாதைகளை, சொந்த எண் ஏற்கெனவே இருப்பதைக் கண்டு பிஜிபி தானே தள்ளிவிடும். அடுத்த கேள்வியில் வரும் ஈவிபிஎன்-க்கும் பிஜிபி தேவை என்பதால், ஒரே நெறிமுறையைக் கற்றுக்கொண்டு இரண்டுக்கும் பயன்படுத்தலாம் என்பதே சிறிய மையங்களுக்கு இருக்கும் வலுவான காரணம்.

கேள்வி: ரேக்குகளுக்கிடையே எல்லாம் ரூட்டிங் என்றால், ஒரே விலான் இரண்டு ரேக்குகளில் இருக்க முடியாதே? மெய்நிகர் இயந்திரங்களை எப்படி நகர்த்துவது?

இதற்காகத்தான் விஎக்ஸ்லான். ஈத்தர்நெட் ஃபிரேமை யுடிபி பாக்கெட்டுக்குள் வைத்து ரூட்டிங் வலையின் மேல் அனுப்பும் இந்த முறை 2014-இல் ஆர்எஃப்சி 7348 ஆக வெளிவந்தது. விலான் எண்கள் 4,094 மட்டுமே. விஎக்ஸ்லானின் 24 பிட் அடையாளத்தில் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் இடமுண்டு. ஒவ்வொரு பாக்கெட்டிலும் 50 பைட் கூடுவதால், ஸ்பைனிலும் லீஃபிலும் எம்டியு-வை முன்கூட்டியே உயர்த்திவைக்க வேண்டும். இதை மறந்தால் பிங் ஓடும், லாகின் திரை வரும், கோப்பு மட்டும் நகராது. அந்தக் குழப்பத்தில் குறைசொல்லப்படுவது பெரும்பாலும் ஃபயர்வால்தான்.

எந்த மேக் முகவரி எந்த லீஃபின் பின்னால் இருக்கிறது என்ற செய்தியை பிஜிபி வழியாகப் பரப்புவது ஈவிபிஎன். இதன் அடிப்படைத் தரமான ஆர்எஃப்சி 7432, 2015-இல் வெளியானது. சர்வர் ஒன்று இரண்டு லீஃப்களில் இணைந்திருப்பதை ஒரு பொது அடையாளத்தின் மூலம் வலை முழுவதற்கும் அறிவிக்கும் வசதி அதிலேயே இருப்பதால், லீஃப்களுக்கிடையே பியர்-லிங்க் இல்லாமலேயே எம்-லாக்கின் பயன் கிடைக்கிறது. இரண்டுக்கு மேற்பட்ட லீஃப்களில் இணையவும் தரம் அனுமதிக்கிறது. ஆனால் குறிப்பிட்ட சுவிட்சின் சிப்பும் மென்பொருளும் அதை ஆதரிக்கின்றனவா என்பதை மாடல் எண்ணோடு எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். தரத்தில் இருப்பதெல்லாம் பெட்டியில் இருப்பதில்லை.

கேள்வி: எங்களிடம் இரண்டே ரேக்குகள்தான். இத்தனையும் தேவையா?

தேவையில்லை. எம்-லாக் இணையாக இரண்டு சுவிட்சுகள், அவற்றின் மேலேயே கேட்வே (சர்வர்கள் மற்ற வலைகளுக்குச் செல்லும் வாசல்), வெளியே செல்ல இரண்டு ரூட்டர் அல்லது ஃபயர்வால்: இவ்வளவே போதும். நான்கு ரேக் வரையிலும் இந்த இணையிலிருந்து கேபிள் இழுத்துச் சமாளிக்கலாம். வாங்கும்போது மட்டும், 100 ஜிபிபிஎஸ் மேல் போர்ட்டுகள் உள்ள, விஎக்ஸ்லான் ஈவிபிஎன் ஆதரவுள்ள மாடலாகத் தேர்ந்தெடுங்கள். ஐந்தாவது ரேக் வரும் நாளில் மேலே ஸ்பைன் சேர்த்தால், இன்றைய இணை அப்படியே லீஃப் இணையாகிவிடும். ஸ்டாக் மட்டுமே தெரிந்த பெட்டியை வாங்கியவருக்கு அந்த வழி இல்லை.

கேள்வி: இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாக்கிலிருந்து எப்படி வெளியே வருவது?

புதிய எம்-லாக் இணையைப் பக்கத்தில் நிறுவி, அதையும் பழைய ஸ்டாக்கையும் ஒரே எல்ஏசிபி கட்டால் இணைத்து, தேவையான விலான்களை மட்டும் அனுமதியுங்கள். ஸ்பானிங் ட்ரீ ரூட் (அந்த மரத்தின் தலைமை சுவிட்ச்) பழைய ஸ்டாக்கிலேயே இருக்குமாறு முன்னுரிமை எண்ணை முதலில் உறுதிசெய்துவிட்டு, எல்லாம் நகர்ந்த பிறகு மாற்றுங்கள். ஆக்டிவ்-பேக்கப் சர்வர்களை ஒவ்வொரு கேபிளாக நகர்த்தலாம். எல்ஏசிபி கட்டில் உள்ள சர்வரின் ஒரு கேபிள் பழைய ஸ்டாக்கிலும் மற்றது புதிய இணையிலும் இருக்கும் இடைவேளையில், இரு பக்கமும் வெவ்வேறு சிஸ்டம் அடையாளம் சொல்வதால், சர்வர் ஒரு பக்கத்தை மட்டுமே பயன்படுத்தும். இரண்டாவது கேபிளை நகர்த்தும் கணத்தில் சிறு தடங்கல் வரும் என்பதை செயலிகளைக் கவனிக்கும் குழுவிடம் முன்பே சொல்லிவையுங்கள். கேட்வேயைக் கடைசியில், தனிப் பராமரிப்பு நேரத்தில் நகர்த்துவது நல்லது. கேட்வேயையும் சர்வர்களையும் ஒரே இரவில் நகர்த்தினால், எது பழுதாயிற்று என்று பிரித்தறிய முடியாது.

கேள்வி: எந்தக் கேபிள்?

ஒரே ரேக்குக்குள்ளும் அடுத்த ரேக்குக்கும் டிஏசி தாமிரக் கேபிள் மலிவானது, சூடும் குறைவு. 100 ஜிபிபிஎஸ் வேகத்தில் 3 மீட்டர் வரை நம்பலாம். அதற்கு மேல் ஒளியிழை. எஸ்ஆர்4 என்ற குறுந்தூர டிரான்சீவர் ஓஎம்4 வகை இழையில் 100 மீட்டர் வரை செல்லும்.

கேள்வி: ஜிபியு சர்வர்களுக்கும் இதே வடிவம்தானா?

அடிப்படை வடிவம் இதுவே, ஆனால் கணக்கு வேறு. எட்டு ஜிபியு உள்ள சர்வரில் ஒவ்வொரு ஜிபியுவுக்கும் தனி நிக் இருக்கும். எல்லா சர்வர்களின் முதல் நிக்கும் ஒரே லீஃபிலும், இரண்டாவது நிக்குகள் அடுத்த லீஃபிலும் சேருமாறு கேபிள் இழுப்பார்கள். மேல் விகிதம் 3:1 இங்கே செல்லாது. 1:1 தான் வேண்டும். இந்த வலையைப் பொது வலையோடு கலக்காமல் தனியாகவே அமைக்க வேண்டும்.

கேள்வி: இருபது பெட்டிகளைத் தனித்தனியாக நிர்வகிப்பது சுமையாகாதா?

கையால் ஒவ்வொன்றிலும் லாகின் செய்து தட்டச்சு செய்தால் சுமைதான். லீஃப்களின் கான்ஃபிகரேஷன் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பெயர், முகவரி, ஏஎஸ் எண் ஆகிய சில வரிகள்தான் வேறுபடும். அவற்றை ஓர் அட்டவணையில் வைத்து, ஆன்சிபிள் போன்ற கருவியால் உருவாக்கி அனுப்பினால், ஸ்டாக் தரும் ஒற்றைப் பார்வை இங்கேயும் கிடைக்கும். ஒரு வேறுபாடு: முதலில் ஒரு லீஃபுக்கு மட்டும் அனுப்பிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்பலாம். ஸ்டாக்கில் அந்த வாய்ப்பு கிடையாது.

கேள்வி: அப்படியானால் தரவு மையத்தில் ஸ்டாக்குக்கு இடமே இல்லையா?

உண்டு. சர்வர்களின் ஐலோ, ஐடிராக் போன்ற நிர்வாகப் போர்ட்டுகளும், சுவிட்சுகளின் நிர்வாகப் போர்ட்டுகளும், மின் விநியோகப் பட்டைகளும் சேரும் தனி நிர்வாக வலைக்கு 1 ஜிபிபிஎஸ் சுவிட்சுகளை ஸ்டாக் செய்வது முற்றிலும் நியாயமானது. அங்கே போக்குவரத்து மிகக் குறைவு. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரே கேபிள்தான். பத்து நிமிடம் நின்றாலும் பயனாளருக்குத் தெரியாது. ஒரே ஒரு எச்சரிக்கை: எம்-லாக்கின் கீப்அலைவ் இந்த நிர்வாக ஸ்டாக் வழியாகச் செல்லுமானால், ஸ்டாக்கை மேம்படுத்தும் நாளில் பியர்-லிங்க்கைத் தொடும் வேறு எந்தப் பணியையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.